அக்கா விற்ற கட்டற்ற மென்பொருள்

1

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த அன்று காலை எனக்கு வந்த முதல் கடிதம், என் அக்காவின்மேல் ஒரு புகார்.

அக்காவின்மேல் என்று திறக்கும்போது தெரியாது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாகத்தான் திறந்தேன். இயந்திர பாகங்களைக் கணினியில் வரைவதற்கு ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பல நாடுகளில் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அதில் கொஞ்சம் வேலை செய்கிறேன். அதன் உரிமம் பற்றி வரும் கேள்விகளுக்கும் புகார்களுக்கும் பதில் எழுத மூன்று பேர் இருக்கிறோம். வாரத்துக்கு நாலைந்து கடிதம் வரும். பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

இந்தக் கடிதம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். எழுதியவர் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர். எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர் உங்கள் மென்பொருளின் பெயரை மாற்றி, பென்டிரைவில் போட்டு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு விற்கிறார், உங்கள் யார் பெயரும் அதில் இல்லை, இலவசமாகக் கிடைப்பதை ஏமாற்றி விற்கும் இவர்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று எழுதியிருந்தார். சாட்சிக்கு ஒரு படமும் இணைத்திருந்தார். மென்பொருளைத் திறந்ததும் வரும் முதல் திரையைக் கைப்பேசியில் எடுத்த படம். நீலப் பின்னணியில் ‘அமராவதி டிராயிங்’ என்று பெரிய எழுத்து, கீழே கணபதி என்று கடை இருக்கும் பகுதி, அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண்.

கோயம்புத்தூரில் வியாபாரம் பண்ணிக்கொண்டு பொருளுக்கு அமராவதி என்று ஆற்றின் பெயர் வைக்கிறவர்கள், அந்த ஆறு ஓடும் தாராபுரத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டேன். நாங்களும் தாராபுரம்தான். அப்புறம் எண்ணைப் பார்த்தேன். இந்த உலகத்தில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் மூன்று. அதில் ஒன்று அது.

காப்பி ஆறிப்போய்விட்டது. மனைவி வந்து, பன்னிரண்டு வருடத்துக்குக் கேசரி கிளறட்டுமா என்று கேட்டாள். சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லிக் கணினியை மூடினேன்.

2

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். இங்கே அரசாங்கத்தின் முக்கியமான கடிதங்கள் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் உறையின்மேல் அன்றைய தேதியை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார், அந்தத் தேதியிலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும். என் குடியுரிமை விண்ணப்பம் ஒன்றரை வருடமாக ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது. அதனால் தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இருந்தாலும் வேர்க்கும்.

புகாரைப் படித்த பத்து நிமிடத்துக்குள் என் மனது எங்கெங்கோ போய்விட்டது. அக்காவின்மேல் வழக்கு, அதில் இங்கே என் குடும்பப் பெயராக இருக்கும் அப்பா பெயர், அதைப் பார்த்து ஓர் அதிகாரி என் கோப்பை மூடுவது. என் சம்பள வேலையும் இதேதான் என்பது இன்னும் மோசம். பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில், அந்த இயந்திரங்களுக்குள் இருக்கும் மென்பொருளெல்லாம் உரிமப்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அடுத்தவர்களுக்குக் கறாராகக் கடிதம் எழுதுகிறவனின் அக்கா கடையில் இது.

படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கட்டற்ற மென்பொருளை விற்பது குற்றமில்லை. ஒரு ரூபாய்க்கும் விற்கலாம், லட்ச ரூபாய்க்கும் விற்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விற்கும்போது சிலது கூடவே போக வேண்டும். எழுதியவர்களின் பெயர்கள் போக வேண்டும். உரிமம் போக வேண்டும். நீங்கள் எதையாவது மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும், அந்த மாற்றத்தோடு மூலநிரலையும், அதாவது மென்பொருள் எழுதப்பட்ட வரிகளையும், தர வேண்டும். வாங்கியவர் அதைப் படியெடுத்து இன்னொருவருக்கு விற்றாலும் சும்மா கொடுத்தாலும் நீங்கள் தடுக்கக் கூடாது. இதில் எதை மீறினாலும் விற்கும் உரிமை போய்விடும். முதல் தடவை தவறியவர் என்றால், கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பக் கிடைக்கும்.

அக்காவுக்கு இதில் பாதிதான் தெரியும். பாதியை மட்டும் சொன்னவன் நான்.

நாலு வருடத்துக்கு முன் விடுமுறைக்குப் போயிருந்தபோது நடந்தது அது. அக்கா சாந்தாமணி கணபதியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். லேத் பட்டறைக்காரர்களுக்குக் கணினி பழுது பார்ப்பது, வரைபடம் போட்டுக் கொடுப்பது, அச்செடுத்துக் கொடுப்பது. அத்தான் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடையை வைத்துத்தான் படிக்க வைத்தாள். அந்த வருடம் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கலங்கிப்போய் இருந்தார்கள். விலை கூடிய ஒரு வரைபட மென்பொருளின் திருட்டுப் படியைத்தான் பல வருடமாக எல்லோரும் வைத்திருந்தார்கள். திடீரென்று வக்கீல் நோட்டீஸ் வர ஆரம்பித்தது. இரண்டு லேத்தை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர் அந்த விலைக்கு எங்கே போவார்?

நான்தான் எங்கள் மென்பொருளைப் பற்றிச் சொன்னேன். சும்மா கிடைக்கும், எல்லோருக்கும் போட்டுக் கொடுங்கள் என்றேன். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். சும்மா கொடுத்தால் எவரும் நம்ப மாட்டார்கள், பில் வேண்டும் என்பார்கள் என்றாள். அது உண்மை. எங்கள் ஊரில் பில் இல்லாத பொருள் என்றால் எங்கேயோ கிளப்பிக்கொண்டு வந்தது என்று அர்த்தம். நோட்டீஸ் கொண்டு வருகிறவனிடம் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருந்தால்தான் அவர்களால் நிம்மதியாக இருக்க முடியும்.

“அப்ப வித்துடறதா?” என்று கேட்டாள்.

“விக்கலாமுங்க்கா. எத்தன வெலைக்கு வேணும்னாலும் விக்கலாம்.”

மறுநாள் எனக்கு விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மீதியை ஜெர்மனிக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்றேன். நாலு வருடமாக எழுதவில்லை.

3

அக்காவிடம் நேராகக் கேட்பது என்று முடிவு செய்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். எங்கள் ஊரில் நேராகக் கேட்பது என்றாலும் அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் சுற்ற வேண்டும். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, பெரியவனுக்குச் செமஸ்டர் எப்படி என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். நடுவில் என் மகள் யாழினி ஓடிவந்து போனைப் பிடுங்கி, “அத்தை, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். பதினாலு வயதாகிறது, பெரியவர்களுக்கு ‘ங்க’ போட வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் வாயில் வராது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. தமிழில் கேட்டாளே, அதுவே போதும் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கேட்க வந்ததை நாளைக்கு ஒத்திப்போட்டேன். வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு மறுபடியும் கூப்பிட்டேன். இந்தத் தடவை சுற்றவில்லை.

“ஏனுங்க்கா, அந்தப் பென்டிரைவுல மொதல்ல வர்ற பேர எதுக்கு மாத்துனீங்க?”

“விக்கறது நான். என்ற பேரு இல்லாம எப்படிக் கண்ணு விக்கறது?”

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒளிவு மறைவே இல்லை. கேட்டுக்கொண்டே போனபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பம்பு செய்கிற முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். வார்ப்பு ஒரு பட்டறையில், கடைசல் இன்னொரு பட்டறையில், மோட்டாரின் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவது மூன்றாவது இடத்தில். கடைசியில் எல்லாவற்றையும் கோத்து, விற்கிறவர் தன் பெயர் போட்ட ஒரு தகட்டை மேலே அடிப்பார். வார்த்தவர் பெயரோ கடைந்தவர் பெயரோ எங்கும் இருக்காது. அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. மோட்டார் புகைந்தால் என்னிடம் வா என்பதுதான் அந்தத் தகடு. அக்காவும் அப்படித்தான் செய்திருக்கிறாள். பக்கத்துக் கணினி மையத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணை வைத்து முதல் திரையை மாற்றியிருக்கிறாள், எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்திருக்கிறாள்.

“பேரு போட்டவந்தான பதில் சொல்லோணும். வரையற கோடு தப்பிப்போச்சுன்னா வேலுச்சாமியண்ணன் என்னயக் கூப்புடுவாரு. அவீக பேரெல்லாம் அப்படியே இருந்தா அவீகளையல்ல கூப்புடுவாரு? பாவம், சும்மா செஞ்சு குடுத்தவீகளுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் எடுத்துப்போட்டேன்.”

வேலுச்சாமி, அவளிடம் முதலில் வாங்கிய பட்டறைக்காரர். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மரியாதையே எங்களைக் குழியில் தள்ளியிருக்கிறது. உரிமப்படி அந்தப் பெயர்களை எடுக்கக் கூடாது, அவர்களுக்கு இதில் கிடைப்பது அந்தப் பெயர் ஒன்றுதான், மாற்றிய நிரலையும் கூடவே கொடுத்திருக்க வேண்டும் என்று மென்று விழுங்கிச் சொன்னேன்.

“அப்ப நான் திருடிப்போட்டேங்கற.”

“அப்படிச் சொல்லலீங்க்கா.”

“வேற எப்படிச் சொல்றது அத?”

புகார் வந்திருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூட்டம் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எந்தக் கூட்டமும் இல்லை. இரண்டாவது தடவையாகவும் பாதிதான் சொன்னேன்.

4

புகாரை முடித்துவைக்க எங்களுக்கு ஒரு பொத்தான் உண்டு. மூன்று பேரில் யார் முதலில் எடுக்கிறோமோ அவரே பதில் எழுதி, அந்தப் பொத்தானை அழுத்தினால் புகார் பட்டியலிலிருந்து போய்விடும். மற்ற இருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இளைஞருக்கு ஒரு நல்ல கடிதம் எழுதி, விற்பது தவறில்லை தம்பி என்று விளக்கிவிட்டு, அக்காவிடம் மெதுவாகச் சொல்லிச் சரிசெய்ய வைத்தால் காதும் காதும் வைத்ததுபோல் முடிந்துவிடும். கடிதத்தை எழுதியும் வைத்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எழுதிய கடிதம் நியாயமானதுதான். ஆனால் போன மாதம் இதே தவறுக்காக வேறு நாட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு நான் எழுதியது நினைவுக்கு வந்தது. எடுத்துப் படித்தேன். முகவுரையில்லை, ஆறுதலில்லை, முப்பது நாள் கெடு. அவருக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காவின்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு போகாமல் உட்கார்ந்து பிழை திருத்தியிருக்கிறேன். ஒரு காசு வாங்கியதில்லை. அதை அவள் விற்கிறாள், அதுவும் என் யோசனையிலேயே. சட்டப்படி சரி என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவனுக்கு, சொந்த அக்கா விற்கும்போது உள்ளே முள் குத்தியது. விலையில் பெரும்பகுதி அவள் போனில் சொல்லிக் கொடுக்கிற நேரத்துக்குத்தான் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் குத்தியது.

யாழினிதான் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேஜையில் என் திரையை எட்டிப் பார்த்து, அத்தையின் எண் எதற்கு இதில் இருக்கிறது என்று ஜெர்மனில் கேட்டாள். சொன்னேன். அது உன் அக்கா என்று மற்ற இரண்டு பேருக்கும் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் ஹேண்ட்பால் ஆடுகிறவள். ஆடுகிற பெண்ணின் அப்பா அந்த ஆட்டத்துக்கு நடுவராக இருக்கக் கூடாது அப்பா, இது எங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தமிழில் பேசும்போது அவளுக்கு இவ்வளவு தெளிவாக வாய் வராது. ஜெர்மனில் அவள் என்னைவிடப் பெரியவள்போலப் பேசுகிறாள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் மார்கிட்டைக் காணொளியில் கூப்பிட்டேன். மார்கிட் எங்கள் மூவரில் மூத்தவர், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தவறு என்று சொல்ல வந்தவன், பதற்றத்தில் நான் குற்றவாளி என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாகியும், தவறுக்கும் குற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரே சொல் வரும் அந்த இடத்தில் எனக்கு ஜெர்மன் தடுக்கும். மார்கிட் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டார். விற்கிறாரா, நல்லது, அது அவர் உரிமை, அதில் நமக்கு வேலையில்லை என்று புகாரின் முக்கால் பங்கை ஒரே வாக்கியத்தில் தள்ளினார். பெயர்களை எடுத்ததும் மூலநிரல் தராததும்தான் தவறு, அதற்குக் கடிதம் நான் எழுதுகிறேன், நீங்கள் இனி இதில் இல்லை என்றார்.

அனுப்பும் முன் ஒரு தடவை எனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டேன். இப்போதுதானே விலகினீர்கள் என்றார்.

5

மார்கிட்டின் கடிதம் ஒரு புதன்கிழமை மின்னஞ்சலில் போனது. அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன்.

அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். “சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்றும் ‘கண்ணு’ என்றும் கூப்பிட்டவள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சின்னவர்களுக்கு ‘ங்க’ போட்டால் அது மரியாதையில்லை, கதவைச் சாத்துவது. பிள்ளைகள் நலமா என்று கேட்டேன், நலமுங்க என்றாள். கடை எப்படி என்று கேட்டேன், நடக்குதுங்க என்றாள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்ததா என்று நான் கேட்டால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். புகாரை மூடாமல் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டிவரும். அதனால் நானும் கேட்கவில்லை. திருட்டு என்கிற பேச்சு வந்ததால் கோபம், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அக்கா எப்போதோ என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள், நான்தான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. புகார் எழுதிய இளைஞர் அதிலும் எழுதிவிட்டார். சும்மா கிடைப்பதை விற்கும் கடை, வாங்கி ஏமாறாதீர்கள் என்று. குழு கொதித்தது. ஒருவர் காசைத் திருப்பித் தரச் சொன்னார். இன்னொருவர், அப்ப நமக்கும் வக்கீல் நோட்டீஸ் வருமுங்களா என்று கேட்டார், அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்கள் உரிமை போகாது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆறு தடவை எழுதி ஆறு தடவை அழித்தேன். விலகியவன் எப்படி எழுதுவது?

கடைசியில் அக்காவே எழுதினாள்.

“நான் தப்புப் பண்ணியிருக்கறனுங்க. விக்கறது தப்பில்லீங்க, இத எழுதுனவங்க பேர எடுத்தது தப்புங்க. வாங்குன எல்லாரும் பழைய பென்டிரைவ எடுத்து வெய்யுங்க. நானே வந்து மாத்திக் குடுக்கறேன். உங்க யாருக்கும் ஒரு தொல்லையும் வராதுங்க.”

அறுபத்திரண்டு பட்டறை. திரையை மாற்றிக் கொடுத்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள், மாற்றிய நிரல் அவள் மடிக்கணினியோடு போய்விட்டது. அதனால் அமராவதியை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, மூல மென்பொருளை அப்படியே எடுத்து, மூலநிரலையும் உரிமத்தையும் சேர்த்து, புதுப் பென்டிரைவில் ஏற்றியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குக் குழுவில் படித்துத்தான் தெரிந்தது. அக்கா இன்னைக்கு போத்தனூர் வந்துட்டுப் போனாங்க என்று ஒருவர் எழுதுவார். சிங்காநல்லூர் முடிஞ்சுது என்று இன்னொருவர். ஸ்கூட்டியில்தான் போகிறாள் என்று தெரிந்தது, அவளுக்கு முதுகு வலி உண்டு. பதினோராம் நாள் இருபத்தொரு பட்டறை. பதினெட்டாம் நாள் முப்பத்தெட்டு. நான் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் என் பெட்டியில் மஞ்சள் உறை கிடந்தது. பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மனைவிதான் பிரித்தாள். பள்ளிக்கூட வாசலில் வேகமாக ஓட்டியதற்கு அபராதம், அதுவும் அவள் ஓட்டியது. இருவரும் சிரித்தோம். அன்றிரவே அபராதத்தைக் கட்டிவிட்டேன்.

புதுப் பென்டிரைவில் அக்கா இன்னொன்றும் செய்திருந்தாள். தமிழில் எண்பது பக்கத்துக்கு அவளே எழுதி வைத்திருந்த ஒரு வழிகாட்டியையும் சேர்த்திருந்தாள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் கோடு, உலோகத்தில் போரிங் துளை போடும்போது எந்த அளவு என்று பட்டறைக்காரர் பேசுகிற பாஷையிலேயே இருக்கும். அது அவளுடைய சொந்தச் சரக்கு, மென்பொருளின் உரிமம் அதைத் தொடாது, பூட்டி வைத்திருக்கலாம். அதன் முதல் பக்கத்தில் இதையும் யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், விற்கலாம் என்று எழுதிவிட்டாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நான் பயந்தது மாதிரியே நடந்தது. இரண்டே நாளில் அந்த இளைஞர் மென்பொருளையும் வழிகாட்டியையும் சேர்த்துக் குழுவில் ஏற்றி, எல்லோரும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்.

6

இருபத்தாறாம் நாள் அக்கா கூப்பிட்டாள். தானாகக் கூப்பிட்டது அன்றுதான்.

“அறுபத்திரண்டும் மாத்தியாச்சுங்க. கடைசியா தாராபுரத்துல ஒரு மில்லுக்காரரு இருந்தாரு, அவருக்கும் குடுத்துப்போட்டு இப்பத்தான் வாரேன்.”

எனக்கு மூச்சு வந்தது. நான்கு நாள் மிச்சம். நல்லதுங்க்கா, நல்லதுங்க்கா என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

“அந்தத் தம்பி எல்லாத்தயும் சும்மா ஏத்தி உட்டிருச்சு. இந்த வாரம் புதுசா ஒருத்தரும் வரலீங்க. சட்டப்படி அது செரிங்களா?”

“செரிதானுங்க்கா.”

“நாயப்படிங்க?”

வருடக்கணக்காக இந்த உரிமத்தைப் பற்றி எழுதுகிறேன். கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எந்தக் கேள்விக்கும் எந்தப் பத்தி என்று சொல்லிவிடுவேன். அவள் பிள்ளைகளின் செமஸ்டர் பணத்தையும் அந்த இளைஞரின் நியாயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரியலீங்க்கா என்று சொன்னேன்.

“சரி, இதச் சொல்லுங்க. சம்பளமில்லாம செஞ்ச உங்களுக்கு, நான் வித்தது நாயமாப் பட்டுதுங்களா?”

பட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அறுபத்திரண்டு பட்டறைக்குப் போய் நான் தப்புப் பண்ணியிருக்கறனுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“எரிச்சலா இருந்துச்சுங்க்கா. நான் சும்மா செய்யறத நீங்க விக்கறீங்கன்னு. அன்னைக்கு விக்கலாம்னு சொன்னவன் மீதியச் சொல்லாம உட்டுப்போட்டேன், அதனாலதான் இத்தனையும். அப்பறம் அந்தக் கடுதாசி. அது உங்களுக்கு வந்ததுக்குக் காரணமே நாந்தானுங்க்கா. புகாரு எங்கிட்டத்தான் வந்துச்சு. யாருக்கும் தெரியாம மூடியிருக்கலாம். நீங்க என்ற அக்கான்னு நானே போயிச் சொல்லிப்போட்டேன்.”

இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது இப்போது வரும் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

“தெரியும்” என்றாள்.

“எப்படிங்க்கா?”

“கடுதாசியில அந்தம்மா மொத வரியிலயே எழுதியிருந்துச்சு. உங்க தம்பி எங்களோட வேலை செய்யறாரு, நீங்க அவரோட அக்கான்னு அவரே வந்து சொல்லிப்போட்டு ஒதுங்கிக்கிட்டாரு, அதனால இத நான் எழுதறேன்னு.”

“அப்பறம் எதுக்குங்க்கா இத்தன நாளா ஒண்ணுமே கேக்கல?”

“நீயாச் சொல்றயான்னு பாத்துட்டு இருந்தேன் கண்ணு.”